அண்டங்காக்காவுக்கு முதல் பிடி

வெளிநாடு போய் வந்தவர்கள் எல்லாரும் பனியைப் பற்றித்தான் சொல்வார்கள். நான் கொசுவைப் பற்றிச் சொல்கிறேன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக நாஷ்டா கடை வைத்திருப்பவள் நான். கொசுவை எனக்கு யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. ஆனால் நார்வேயின் வடக்குக் கோடியில், இதற்கு மேல் போனால் கடல்தான் என்கிற இடத்தில், வேனை விட்டு இறங்கி "கனி" என்று மகளைக் கூப்பிட வாயைத் திறந்தேன் பாருங்கள், பாதிப் பேர் சொல்வதற்குள் நாலைந்து கொசு உள்ளே போய்விட்டது. மீதிப் பேரைத் துப்பிவிட்டுத்தான் சொன்னேன்.

பையில் கொசு பேட் இருந்தது. எடுத்து ஒரு சுழற்று சுழற்றினேன். படபடவென்று தீபாவளிதான். கனி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யம்மா, இன்னா பண்ற நீ? உள்ள வை அத்த. குஞ்சுங்களுக்கு அதான் சாப்பாடு."

"எந்தக் குஞ்சுக்கு?"

"இன்னும் பொரிக்கல."

இன்னும் பொரிக்காத குஞ்சுக்காக என் ரத்தத்தைக் குடிக்கும் கொசுவைக் காபந்து பண்ணி வைத்திருக்கிறார்கள். நல்ல ஊருக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

கனி எங்களுக்கு ஒரே பெண். ஐப்பசி கார்த்திகையில் நம் ஏரிக்குக் கூட்டம் கூட்டமாக வந்து, கரையோரச் சேற்றைக் கொத்திக்கொண்டு ஓடுமே குட்டி உள்ளான், சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம்தான் பெரிசு, அது கோடையில் இந்தப் பொட்டல் வெளிக்கு வந்துதான் முட்டையிடுகிறதாம். துந்திரா என்று பெயர். பேருக்கு ஒரு மரம் கிடையாது. எப்படி இருந்தால் இங்கே குஞ்சு பிழைக்கும், எப்படி இருந்தால் பிழைக்காது என்பதுதான் கனியின் ஆராய்ச்சி. கோடை முழுக்க இங்கே, மீதி நாளெல்லாம் தெற்கே ஒரு பட்டணத்தில் கம்ப்யூட்டர் முன்னால். ஊருக்கு வருவது அத்தி பூத்த மாதிரி. "இந்த வருசம் ஒரே ஒரு வேல கீதும்மா. அது முடிஞ்சா மூட்டையக் கட்டிக்கினு வந்துடுவேன்" என்று போனில் சொல்லியிருந்தாள். அந்த ஒரே ஒரு வேலை முடிகிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்கத்தான் நான் போனேன். கடையை நாத்தனாரிடம் ஒப்படைத்தேன். வீட்டுக்காரரை ஒப்படைக்க ஆள் கிடைக்கவில்லை. அவர் பாட்டுக்கு வயலோடு இருந்துகொண்டார்.

வேலை இன்னதென்று சொல்லிவிடுகிறேன். போன கோடையில் சில உள்ளான்களைப் பிடித்துக் காலில் மிளகு அளவுக்கு ஒரு கருவியை மாட்டிவிட்டிருக்கிறாள். அது எங்கெல்லாம் போய் வந்தது என்று அந்த மிளகு குறித்து வைத்துக்கொள்ளுமாம். "செல்போன் மாரி அதுவே கூப்ட்டு சொல்லாதா?" என்று கேட்டேன். சொல்லாதாம். மறுபடி அதே பறவையைப் பிடித்து, கழற்றிப் பார்த்தால்தான் உண்டு. மாட்டியதில் திரும்பி வந்தது ஒன்றே ஒன்று. அது இப்போது முட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடித்து மிளகைக் கழற்றிவிட்டால் என் மகள் ஊருக்கு வருவாள். பிடிக்கவில்லை என்றால் இன்னொரு வருஷம். நான் போகிற வழியெல்லாம் அந்தப் பறவைக்குத்தான் வேண்டிக்கொண்டு போனேன்.

வழியில் நடந்ததைச் சொல்ல விட்டுவிட்டேன். கடைசிக் கட்டத்தில் வேன் நடுரோட்டில் நின்றுவிட்டது. கலைமான்கள் ஒரு கூட்டமாகத் தார் ரோட்டில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. நம் ஊர் ரோட்டில் எருமை படுத்தால் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். இந்த மனுஷர் இன்ஜினை அணைத்துவிட்டு, பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. இறங்கிப் போய், "ஹை! ஹை! எயுந்து போ அந்தாண்ட!" என்று கையைத் தட்டினேன். ஒவ்வொன்றாக எழுந்து போயின. டிரைவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வேனில் இருந்த ஒரு பெண் இங்கிலீஷில் சொன்னது எனக்குப் புரிந்தவரை, எங்கள் மான்களுக்கு இந்தியப் பாஷை தெரியும் என்று இத்தனை நாள் எங்களுக்குத் தெரியாது என்பதுதான்.

முகாம் என்பது ஒரு மரவீடு. அங்கே கனியும், மாரித் என்ற தலைமை அம்மாவும்தான். மாரித்துக்கு என் வயசு இருக்கும். நான் "மாரி" என்று கூப்பிட்டேன், அவளும் திரும்பிப் பார்த்தாள், அப்படியே வைத்துக்கொண்டோம். முதல் நாளே கனி சமையலறைக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டி, "மீதி சாப்பாடு எதையும் வெளிய போடக் கூடாதும்மா, எல்லாம் இந்த டிரம்முல" என்றாள். நியாயம்தான். கடைக்காரிக்குச் சுத்தம் சொல்லித்தர வேண்டுமா? வெங்காயத் தோல்கூட டிரம்முக்குத்தான் போயிற்று.

அவர்கள் அதுவரை சாப்பிட்டுக்கொண்டிருந்தது காய்ந்த ரொட்டியும், அடிப்பிடித்த பால்கோவா மாதிரி ஒரு பழுப்புச் சீஸும். பார்க்கவே பாவமாக இருந்தது. மறுநாளே அடுப்பை நான் எடுத்துக்கொண்டேன். கீழே கடலோரப் படகுத்துறையில் இருந்த மீன்காரத் தாத்தா ஒருவர், விறகுக்கட்டை மாதிரி ஒரு காய்ந்த மீனைக் கொடுத்தார். மோந்து பார்த்தேன். அட, நம்ம கருவாடு! ஊறவைத்து, கொண்டுபோன புளியைக் கரைத்து ஒரு குழம்பு வைத்தேன். மாரி மூக்கைச் சிந்திக்கொண்டே மூன்று முறை போட்டுக்கொண்டாள். சாப்பிட்டு முடித்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிடிக்கவில்லையோ என்று கனியைக் கேட்டேன். "இல்லம்மா, இத்தினி வருசமா இந்த மீனை வீணாக்கிட்டோமேன்னு கவலப்படறாங்களாம்" என்றாள்.

எனக்கு அங்கே ஒரே பேஜார், பொழுது சாயாததுதான். விளக்கு வைக்கிற நேரம் வரும் வரும் என்று பார்த்தால் வரவே இல்லை. சூரியன் வானத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறதே தவிர இறங்குகிற வழியாக இல்லை. கடைசியில் எனக்குத் தூக்கம் வரும்போது விளக்கு வைத்துக்கொள்வது என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன்.

அந்த உள்ளானை ஒருநாள் தூரத்திலிருந்து பைனாகுலரில் காட்டினாள். சின்னச் செடிகளுக்கு நடுவே தரையில் ஒரு குழி, அதில் காய்ந்த இலை, அதன் மேல் அது. கூடு என்று சொல்லவே முடியாது.

"பாவம், பெத்தவ ஒண்டியா குந்திக்கினு கீறா" என்றேன்.

"அது அப்பன்மா."

"அப்ப ஆத்தாக்காரி எங்க?"

"முட்டைய இவன்கிட்ட குடுத்துட்டு வேற ஒருத்தனோட போயி, இன்னொரு கூட்டுல முட்ட வெச்சி, அத்த அது தனியா அடகாக்குது."

நான் ரொம்ப நேரம் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மோந்து குடிக்கக் கை வராது. இங்கே ஒருத்தன் குளிரிலும் காற்றிலும் மூச்சு விடாமல் முட்டை மேல் உட்கார்ந்திருக்கிறான். அவன் மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது.

"இப்பவே புடிச்சிடேன்டி" என்றேன். கூடாதாம். சீக்கிரம் பிடித்தால் பயந்துபோய்க் கூட்டையே விட்டுவிட்டுப் போய்விடுமாம். பொரிக்கிற நேரம் நெருங்க நெருங்க முட்டையை விட்டுப் போக மனசு வராது, அப்போது பிடிக்க வேண்டும் என்றாள். இன்னும் ஒரு வாரமாவது அது அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும்.

இனிமேல்தான் விஷயமே. காக்காவுக்கு வைக்காமல் நான் ஒரு நாளும் வாயில் சோறு வைத்ததில்லை. கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும், வடித்ததும் முதல் பிடி காக்காவுக்குத்தான். இங்கே காக்கா எங்கே இருக்கப்போகிறது என்று சும்மா பின்பக்கம் ஒரு பாறையில் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டேன். வந்ததே ஒன்று! அண்டங்காக்கா. நம் ஊர் அண்டங்காக்காவை இரண்டு சேர்த்துக் கட்டினாலும் அந்த அளவு வராது. தாடி மாதிரி தொண்டை இறகைச் சிலுப்பிக்கொண்டு, "க்ரோங்" என்றது. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. செத்துப்போன என் மாமியார் குரல் அப்படியே இருந்தது. இத்தனை தூரம் தேடிக்கொண்டு வந்துவிட்டார்களே என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் வைத்தேன். அது தன் ஜோடியையும் கூட்டிக்கொண்டு வந்தது.

நாலைந்து நாள் கழித்துக் கனியும் மாரியும் வெளியிலிருந்து திரும்பி வந்தபோது முகம் சரியில்லை. மூன்று கூட்டில் முட்டை காணோம். வேறு வேறு பறவைகளின் கூடு, ஆனால் நம் ஆளின் கூட்டுக்குப் பக்கத்திலேயே. கனி தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள். இந்த வருஷம் பனி தாமதமாக உருகியதால் முட்டையிட்டதே குறைச்சல். அதோடு லெம்மிங் என்று ஒரு எலி உண்டு, அது நிறைய இருக்கிற வருஷம் நரியும் மற்றதும் அதைத் தின்றுகொண்டு முட்டைப் பக்கம் வராது. இந்த வருஷம் எலியும் இல்லை. "இது அண்டங்காக்கா வேலதான். அது எப்பவும் அந்தாண்ட பாறை மேலதாம்மா இருக்கும். இந்தப் பக்கம் ஏன் வந்துச்சுன்னே தெர்ல" என்றாள்.

நான் குழம்புக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குச் சமையல் கொஞ்சம் தாமதம். ஜன்னலில் டொக் டொக் என்று சத்தம். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். அது ஜன்னல் கட்டையில் நின்றுகொண்டு, கழுத்தைச் சாய்த்து, நேராக என்னைப் பார்த்து, "க்ரோங்?" என்றது.

மாரி எழுந்து பின்பக்கம் போனாள். பாறையில் ஒட்டியிருந்த பருக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"யம்மா" என்றாள் கனி. "வெளிய சாப்பாடு போடக் கூடாதுன்னு மொத நாளே சொன்னேனா இல்லியா?"

"மீதிய போடக் கூடாதுன்னுதான் சொன்ன. இது மீதி இல்லடி, மொத பிடி. நான் இன்னும் கையே வெக்கல!"

மாரி என்னவென்று கேட்டாள். கனி சொன்னாள். மாரி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, பேனாவை எடுத்து, கதவுக் காகிதத்தில் அடியில் ஒரு வரி எழுதினாள். என்ன எழுதினாள் என்று கனியைக் கேட்டேன். "முதல் பிடியும் கூடாது."

கனி அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டாள். பெற்ற மகளை ஊருக்குக் கூட்டிப் போக வந்தவள், அவள் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேனே என்று இருந்தது. ஆனால் அதைக் காட்டிக்கொள்ளாமல், "நாளைலருந்து போடல, வுடு" என்றேன்.

"போடலன்னா அது பசியில இங்கதான்மா தேடும். பழகிட்ச்சி."

கடைசியில் மாரிதான் ஒரு வழி சொன்னாள். கனி அதைத் தமிழில் சொன்னபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அந்தக் காக்கா எங்களுக்காக வரல, இந்தம்மா குரலுக்கு வருது. அதனால இந்தம்மா சோத்த எடுத்துக்கினு எவ்ளோ தூரம் போவ முடியுமோ, கடல் பக்கம் போவட்டும்."

மறுநாள் முதல் அதுதான் என் வேலை. புடவை மேல் தடிச்ச கோட்டு, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், தலையில் கொசுவலைத் தொப்பி, கையில் சோற்றுக் கிண்ணம். "கா... கா..." என்று கூவிக்கொண்டே நடந்தேன். தரை பார்க்கத்தான் தரை, கால் வைத்தால் நாற்றங்கால் சேறு. இடது கால் பூட்ஸ் ஒரு இடத்தில் உள்ளேயே தங்கிவிட்டது, படுத்துக்கொண்டு பிடுங்கினேன். அந்த இரண்டு காக்காவும் பறக்கக்கூடச் சோம்பல்பட்டு, எனக்குப் பின்னால் நடந்தே வந்தன. ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்ச தூரம் தள்ளி வைத்தேன். படகுத்துறைத் தாத்தா முதல் நாள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரியாதையாக நின்றார், ஏதோ பூஜை என்று நினைத்திருப்பார். மூன்றாம் நாள் அவரும் என்னோடு சேர்ந்து "கா... கா..." என்றார். உச்சரிப்பு சுமார்தான்.

துறையில் அவர் மீன் அறுத்துக் குடலை ஒரு தொட்டியில் போட்டு வைப்பார். அந்தக் குடலைப் பார்த்ததும் இரண்டும் என் சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. பொன்னி அரிசி, ஊரிலிருந்து சுமந்துகொண்டு போனது! எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் என் மாமியாரும் மீன் இருந்தால் மற்றதைத் தொட மாட்டார்கள், அதை நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு அதுகள் எங்கள் பக்கம் வரவில்லை.

பிடிக்கிற நாளன்று தூறல். கூட்டின் மேல் கனி ஒரு சின்ன வலையைக் கவிழ்க்கிற மாதிரி நிறுத்தி, அதற்கு ஒரு நீளக் கயிறு கட்டி, தள்ளிப் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டாள். நானும் மாரியும் அதற்கும் பின்னால். உள்ளான் வந்தது. வலையைப் பார்த்தது. சுற்றிச் சுற்றி ஓடியது. போய்விடுமோ என்று எனக்கு உயிரே போயிற்று. எனக்குத் தெரிந்த சாமி பேரெல்லாம் சொன்னேன், மாரி என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் முட்டை குளிர்கிறதே என்று அந்த அப்பனுக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தது. கனி இழுத்தாள்.

கையில் வைத்துக் காட்டினாள். ஒரு எலுமிச்சம்பழக் கனம் இருக்காது. நெஞ்சு துடிக்கிற வேகம் அவள் விரலிலேயே தெரிந்தது. மிளகைக் கழற்றிவிட்டுப் பறவையைத் தரையில் விட்டாள். கொஞ்ச தூரம் ஓடி, சிறகை உதறிவிட்டு, எங்களைக் கண்டுகொள்ளாமல் நேராக முட்டை மேல் போய் உட்கார்ந்துவிட்டது. கனி அழுதாள். நானும் அழுதேன். மாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கொசு என்றாள்.

மிளகை மறுநாள் கம்ப்யூட்டரில் மாட்டினார்கள். வெளிச்சத்தை வைத்துக் கணக்குப் போடுமாம், எந்த ஊரில் எப்போது விடிந்தது, எப்போது இருட்டியது என்று. முழுக் கணக்குக்கு இன்னும் நாளாகும், இது தோராயம் என்று சொல்லி, கனி படத்தில் ஒரு பெரிய வட்டத்தைக் காட்டினாள். தென்னிந்தியாவில் பாதி அதற்குள் இருந்தது.

"இதுல எந்த எடம்?"

"இதுக்குள்ள எங்கியாவது. நம்ம ஏரிப் பக்கமாவும் இருக்கலாம், ஆந்திராவாவும் இருக்கலாம்."

"இதுக்கா இம்மாம் பாடு? நம்ம ஏரிதான்னு எழுதிக்கோ. நான் சாட்சி."

"அப்டிலாம் எழுத முடியாதும்மா."

எழுத முடியாவிட்டால் போகட்டும். எனக்குத் தெரியும்.

நான் கிளம்புவதற்குள் குஞ்சு பொரித்துவிட்டது. பஞ்சு உருண்டைக்குத் தீக்குச்சிக் கால் வைத்த மாதிரி நாலு. அன்றைக்கே எழுந்து ஓடுகின்றன. அப்பன் ஒரு வாய்கூட ஊட்டுவதில்லை. அதுகளே கொசுவையும் பூச்சியையும் கொத்தித் தின்கின்றன, குளிர் எடுத்தால் ஓடி வந்து அவன் வயிற்றுக்கடியில் புகுந்துகொள்கின்றன. நான் வலைத் தொப்பியைக் கழற்றிவிட்டு அசையாமல் நின்றேன். கடித்தால் கடிக்கட்டும், எங்கள் பிள்ளைகள் சாப்பிடும் என்று.

அன்று சாப்பிடும்போது மாரி என்னைப் பார்த்து நீளமாக ஏதோ பேசினாள். கனி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொல்றா?"

"குழம்பு நல்லா கீதாம்."

"அதுக்கா இம்மாம் நேரம்?"

மாரியும் ஏமாறவில்லை. போனை எடுத்து அதனிடம் பேசி, என் முன்னால் மேஜையில் வைத்தாள். செய்தி வாசிக்கிற குரலில் போன் தமிழ் பேசியது. "அடுத்த கோடையிலிருந்து இந்த இடத்தை உங்கள் மகள் பொறுப்பேற்று நடத்த வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அவளும் விரும்புகிறாள். உங்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டதால் மறுக்கிறாள். குழம்பும் நன்றாக உள்ளது."

நான் கனியைப் பார்த்தேன். "நெசமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. வேல முடிஞ்சிச்சில்ல, வந்துடறேன்."

"வரேன்னு சொல்ற மூஞ்சாடி இது?"

மறுபடி தட்டைப் பார்த்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள் மேலா, மாரி மேலா, அந்த உள்ளான் மேலா என்று தெரியவில்லை. இவளைக் கூட்டிப் போகத்தானே கொசுக்கடி, சேறு, காக்கா எல்லாம்? கையில் கிடைத்துவிட்டாள். வா என்று ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவாள். வந்து, கடைக்குப் பின்னால் அந்த ரூமில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, கோடையெல்லாம் இதே மூஞ்சியோடு உட்கார்ந்திருப்பாள். அதை என்னால் பார்க்க முடியாது.

"இங்க பனி கொட்ற காலத்துல இன்னா வேல உனக்கு?" என்று கேட்டேன்.

"கணக்குதான். கம்ப்யூட்டர்ல."

"அத்த நம்ம வூட்ல குந்திக்கினு போட முடியாதா?"

அவள் மாரியிடம் கேட்டாள். மாரி தோளைக் குலுக்கிவிட்டு, கணக்கு எங்கே உட்கார்ந்து போட்டால் என்ன என்கிற மாதிரி கையை விரித்தாள். கனி என்னைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். "வுடுடி, குழம்பு கொட்டுது" என்றேன்.

ஆடி மாசத்து வெயிலில், செங்கல்பட்டு பஸ்ஸிலிருந்து உத்திரமேரூரில் இறங்கினேன். வீட்டுக்காரர் காத்துக்கொண்டிருந்தார். சவரம் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். நான் இறங்கிய பிறகும் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் விசில் அடித்துப் பஸ் நகர்ந்ததும்தான் என் பக்கம் திரும்பினார்.

"இன்னா, நீ ஒண்டியா வந்துக்கிற?"

"ஏரி ரொம்பட்டும். வருவா."

அவர் என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். கொஞ்ச தூரம் நடந்தோம். வானத்தில் பேருக்கு ஒரு மேகம் இல்லை.

"இந்த வருசம் மழ சீக்கிரமே வந்துடும்னு பேசிக்கிறாங்க" என்றார்.

அப்படி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

"ஆமா" என்றேன். "அங்கியும் அப்டித்தான் பேசிக்கினாங்க."